143 பெட்டிகள் கண்டுபிடித்தோம், ஒன்றுகூட வைக்கவில்லை. எப்படித் திருப்பிச் செய்வது?

ஆற்றுமணல் (ஹில்ஸ்பரோ, ஓரிகன்) கேட்டது:

வணக்கம். ஜியோகேஷிங் ஆடுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று பழைய இழைகளில் பார்த்தேன். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

நான், மனைவி, ஏழு வயது மகள் மூவரும் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் குளிர்காலத்தில் மகள் பள்ளியில் யாருடனும் ஒட்டாமல் வாடிப்போயிருந்தாள். அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் இந்த விளையாட்டைத் தொடங்கினோம். போன் காட்டும் ஆயத்தொலைவுக்கு நடந்துபோய், மரப்பொந்திலோ பாலத்துக்கு அடியிலோ யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடி, உள்ளே இருக்கும் சிறு நோட்டில் பெயரை எழுதிவிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டு வருகிறோம். இதற்காகவே இப்போது சனிக்கிழமை காலையில் மகள்தான் எங்களை எழுப்புகிறாள். மழையாவது குளிராவது, ஷூவைப் போட்டுக்கொண்டு கதவருகில் நிற்கிறாள்.

போன வாரம் கணக்குப் பார்த்தேன். 143 பெட்டிகள். அவற்றிலிருந்து மகள் எடுத்து வந்த பொம்மைகளும் காசுகளும் ஒரு ஷூ பெட்டி நிறைய இருக்கின்றன. பதிலுக்கு நாங்கள் வைத்தது மிகக் குறைவு. பல நேரம் ஒன்றுமே வைக்கவில்லை. இணையத்தில் எழுதும் லாகும் (தேடிப்போன அனுபவக் குறிப்பு) எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்: டி.எஃப்.டி.சி. 'பெட்டிக்கு நன்றி' என்பதன் நாலெழுத்துச் சுருக்கம். அன்று இரவு எனக்கு மனசே சரியில்லை. முகம் தெரியாத 143 பேர் கைக்காசு போட்டு, மழையில் நனைந்து, என் மகளுக்காகச் செய்தது போல இருக்கிறது. நான் என்ன செய்தேன்?

ஒரு பெட்டி வைக்கலாம் என்றால், வைத்தவர்தான் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி. என் வேலை விசா இன்னும் இரண்டு வருடத்துக்குத்தான். நீட்டிப்புக் கிடைக்குமா என்று தெரியாது. பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போவதாக இருந்தால் வைக்கலாமா? வைக்காமலே திருப்பிச் செய்ய வழி உண்டா?

நெக்கார்க்கரை (ஸ்டுட்கார்ட்) எழுதியது:

பெட்டிகளின் எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்து ஜெர்மனிதான். அதனால் இங்கே காட்டுக்கும் எங்களுக்கும் உரசல் அதிகம். வேட்டை உரிமை உள்ளவர்கள், வன அலுவலர்கள், பறவை ஆர்வலர்கள் எல்லோரும் எங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதை வைத்து ஒரு விஷயம் சொல்கிறேன்.

பெட்டி வைத்தவருக்குச் செய்வது இருக்கட்டும், இடத்துக்கு என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே வௌவால்கள் குளிர்காலத்தில் உறங்கும் குகைகள், பழைய சுரங்கங்களுக்குள் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை நுழையக் கூடாது என்பது சட்டம். உறக்கத்தில் எழுப்பப்படும் வௌவால் தன் உடம்பில் சேர்த்த கொழுப்பை வீணாகச் செலவழித்துவிடும், வசந்தம் வரை தாங்காது. ஆனாலும் 'ஒன்றுதானே பாக்கி' என்று ஜனவரியில் உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒன்றை விட்டுவிட்டு வருவதும் கொடுப்பதுதான்.

குப்பை பொறுக்கும் கூட்டங்கள் உங்கள் ஊரிலும் நடக்கும். சி.ஐ.டி.ஓ. (கேஷ் இன் ட்ராஷ் அவுட்) என்று தேடுங்கள். 2002-இல் தொடங்கிய வழக்கம். பெட்டி தேடப் போகும்போதே ஒரு பையில் குப்பையை அள்ளி வருவது. சில கூட்டங்களில் களைச்செடி பிடுங்குவார்கள், மரம் நடுவார்கள். அதற்கு விசாவும் தடையில்லை, குழந்தையும் தடையில்லை.

தென்காசிச்சாரல் (பீவர்ட்டன், ஓரிகன்) எழுதியது:

தம்பி, நீங்கள் எனக்குப் பக்கத்து ஊர்தான். அந்த 143-இல் ஆறு பெட்டி நான் பார்த்துக்கொள்பவையாக இருக்கலாம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்று. 2011 நவம்பர். ஆடத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் இருந்தேன். சிடார் மரங்கள் அடர்ந்த ஒரு சரிவில் ஒரு பெட்டியை ஐம்பது நிமிடம் தேடினேன். கொட்டும் மழை. கிடைக்கவில்லை. தொலைந்துபோயிருக்கும் என்று முடிவுகட்டி, பையில் இருந்த ஃபிலிம் டப்பா ஒன்றில் ஒரு துண்டுத் தாளைப் போட்டு, வெட்டிய மரத்தடியில் செருகி வைத்துவிட்டு, 'பெட்டி காணோம், வேறு வைத்திருக்கிறேன்' என்று எழுதினேன். உதவி செய்துவிட்டதாக அன்று எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? அதற்குப் பின் நாலு மாதம், வந்தவர்கள் எல்லாரும் என் டப்பாவைக் கண்டெடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

மார்ச்சில் அந்தப் பெட்டிக்கு உரியவரிடமிருந்து கடிதம். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. 'பெட்டி வைத்த இடத்திலேயே இருக்கிறது, ஒருநாள் வந்தால் காட்டுகிறேன்' என்று இரண்டே வரி. போனேன். எழுபதை நெருங்கும் மனிதர், மரவேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் டப்பா வைத்த இடத்திலிருந்து மூன்றே அடி தள்ளி, விழுந்து கிடந்த ஒரு கிளையைக் கையில் எடுத்தார். நடுவில் ஒரு முடிச்சைத் திருகினார். கிளை இரண்டாகத் திறந்தது. உள்ளே குடைந்து, பித்தளைக் கீல் வைத்து, ரப்பர் வளையம் போட்டு மூடியிருந்தார். தாள் காய்ந்தபடி, நவம்பருக்கு முன் எழுதிய கையெழுத்துகளோடு அப்படியே இருந்தது. என் ஃபிலிம் டப்பாவைத் திறந்தால் கூழ். மூன்று மாலைப்பொழுது உட்கார்ந்து செதுக்கியதாம். நாலு மாதம் அதை யாரும் பார்க்கவில்லை, என்னால்.

கேட்காமல் கொடுப்பது எப்படிக் கெடுத்துவிடும் என்று அன்று பார்த்தேன். அதனால் உங்களிடம் முதலில் சொல்வது இது: கிடைக்கவில்லை என்றால் 'கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். பலர் வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். பெட்டி வைத்தவருக்கு அந்தத் தகவல் எவ்வளவு தேவை! தொடர்ந்து மூன்று பேர் அப்படி எழுதினால், போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது லாக். அந்தப் பெரியவர் பிறகு என்னை வீட்டுக்கு அழைத்தார். மேசைமேல் தடிமனான ஒரு கோப்பு. அவர் வைத்த நாற்பது பெட்டிகளுக்கும் வந்த லாகுகளில் நன்றாக இருந்தவற்றை அச்செடுத்துத் துளையிட்டுக் கோத்து வைத்திருந்தார். அவர் மனைவிக்கு நடக்க முடியாது. அந்தப் பாதைகளில் எல்லாம் ஒருகாலத்தில் இருவரும் சேர்ந்து நடந்தவர்கள். இப்போது மாலையில் இவர் வாசிக்க அவர் கேட்பாராம். 'இன்று ஒருவர் ஓடைப் பக்கம் ஆந்தை பார்த்திருக்கிறார்' என்றால், எந்த மரம் என்று அவர் சொல்லிவிடுவாராம். நான் அந்தக் கோப்பைப் புரட்டினேன். அவருடைய பதினேழு பெட்டிகளை அதற்குள் நான் கண்டுபிடித்திருந்தேன். என் லாக் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் நாலெழுத்து.

பெட்டி வைப்பவருக்கு இதில் வேறு வருமானம் ஏது? டப்பாவுக்கும் தாளுக்கும் அவர் காசு, காருக்குப் பெட்ரோல் அவர் காசு, நேரமும் அவருடையது. புதுப் பெட்டியைச் சரிபார்த்து வெளியிடுகிறவர்களும் ஊதியம் இல்லாத தன்னார்வலர்கள்தான். வைத்தவருக்குத் திரும்பி வருவது நாம் எழுதும் லாக் மட்டுமே. மகள் எங்கே வழுக்கினாள், என்ன கேட்டாள், பாசி எப்படி இருந்தது, ஐந்து வரி எழுதுங்கள். ஒளித்த இடத்தை மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள், படத்திலும்தான். பழைய 143-க்கும் இப்போதுகூட லாகைத் திருத்தி எழுதலாம். ஒரு மாதம் தினமும் இரவில் இரண்டு மூன்று என்று நான் அப்படித்தான் செய்தேன். விளையாட்டின் இணையதளத்தில் கட்டணம் செலுத்திய கணக்கு வைத்திருந்தால், கண்டுபிடித்த பத்துப் பெட்டிக்கு ஒன்று வீதம், பிடித்த பெட்டிக்கு விருப்பப் புள்ளி தரும் உரிமை சேரும். உங்களிடம் பதினான்கு சும்மா கிடக்கும். கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஷூ பெட்டி. இந்த விளையாட்டு பிறந்தது நம் பக்கத்தில்தான், தெரியும் அல்லவா? அதுவரை பொதுமக்களின் ஜி.பி.எஸ்.ஸில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் போர்ட்லண்டுக்குத் தெற்கே பீவர்க்ரீக் பக்கம் ஒரு கறுப்பு வாளியை வைத்துவிட்டு ஆயத்தொலைவை இணையத்தில் போட்டார். புத்தகம், மென்பொருள், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின். கொஞ்சம் எடு, கொஞ்சம் வை, நோட்டில் எழுது என்பதுதான் அவர் சொன்ன விதி. மூன்று நாளுக்குள் ஆள் போய்க் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு நினைவுத் தகடு இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், மகளைக் கூட்டிப்போங்கள்.

அந்த 'கொஞ்சம் வை' நாளடைவில் தேய்ந்துவிட்டது. நல்ல பொம்மை போய், உடைந்த பொம்மை வரும். பிறகு கடை ரசீது, பபிள்கம் தாள். நம் ஊரில் மொய் வாங்கினால் அடுத்த விசேஷத்தில் ஒரு ரூபாயாவது கூட்டித்தான் எழுதுவோம். அதே கணக்குத்தான் இங்கேயும். ஆனால் யாரிடம் வாங்கினோமோ அவருக்கே திருப்ப முடியாது, பின்னால் வரும் குழந்தைக்குத்தான் போகும். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் சிறிய மரப் பம்பரம் முப்பது, சலங்கை மணி ஒரு பொட்டலம் வாங்கி வருவேன். பம்பரத்தை எப்படிச் சுற்றுவது என்று ஒரு தாளில் படம் போட்டுச் சுற்றி வைப்பேன். ஒரு சிறுவனின் அப்பா, சமையலறைத் தரை முழுக்கப் பள்ளம் விழுந்துவிட்டது, பையன் இன்னும் நிறுத்தவில்லை என்று லாகில் எழுதியிருந்தார். தின்பண்டம் மட்டும் வேண்டாம். உல்மர் வைத்த பீன்ஸ் டின் அந்தக் காலம். இப்போது உணவு வைக்கக் கூடாது, அணிலும் ரக்கூனும் பெட்டியைக் கடித்துத் திறந்துவிடும். கத்தி, லைட்டரும் கூடாது.

பையில் எப்போதும் வைத்திருங்கள்: நனைந்தாலும் எழுதக்கூடிய தாளைக் கீற்றாக வெட்டியது (ரைட் இன் த ரெயின் தாள், பக்கத்து மாநிலத்து டகோமாவில் செய்வது), ஜிப் பைகள், காய்ந்த துணி, ஷூ வாங்கும்போது வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம், பென்சில். பேனா வேண்டாம், குளிரில் எழுதாது, ஈரத்தில் கசியும். அக்டோபர் தொடங்கி ஜூன் வரை இந்த மழைக்கு எந்த டப்பாவும் கொஞ்சம் வேர்க்கும். துடைத்து, மூடியின் விளிம்பில் ஒட்டிய ஊசியிலையை எடுத்துவிட்டு மூடுங்கள். ஒரு ஊசியிலை போதும், ஒரு குளிர்காலத் தண்ணீரை உள்ளே விட. தாள் நிறைந்திருந்தால் கூடவே புதுக் கீற்று வையுங்கள், பழையதை எடுத்து வராதீர்கள், அது அவருடையது. பெட்டியே உடைந்திருந்தால் படம் எடுத்து அவருக்கு எழுதுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

புதிதாக வைப்பது பற்றி. தண்ணீர்ப் பந்தல் போடுவது ஒருநாள் வேலை. பங்குனி முடிந்து சித்திரை, வைகாசி என்று தினமும் பானையை நிரப்புவதுதான் பாடு. வெறும் பானை இருக்கிற பந்தலைவிடப் பந்தல் இல்லாத சாலை மேல். விசா உறுதியாகாமல் வைக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

புக்கிட்நடையன் (சிங்கப்பூர்) எழுதியது:

சாரல் அக்கா சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எல்லோரும் அப்படி நினைத்தால் புதுப் பெட்டி யார் வைப்பது? நான் இங்கே வேலை அனுமதியில் இருந்தபோதே முதல் பெட்டியை வைத்தேன். கிளம்ப நேர்ந்தால் எடுத்துக்கொள்ள ஒருவரை முன்பே பேசி வைத்திருந்தேன். இரண்டு பேரும் சம்மதித்தால் பெட்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தளத்தில் தத்துக் கொடுக்கலாம். எனவே ஆள் இருந்தால் வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் பெட்டிக்கு 161 மீட்டருக்குள் வைக்க முடியாது, இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று. ஷூ பெட்டியைக் கொட்டி, எண் பொறித்த தகடு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ராணுவ வீரர் கழுத்தில் போடுவது போல இருக்கும். அது டிராவல் பக். பரிசு அல்ல, பயணி. அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அது எங்கே போக வேண்டும் என்று ஓர் ஆசையும் எழுதியிருப்பார். ஒரு பெட்டியிலிருந்து எடுத்தால் இன்னொரு பெட்டியில் சேர்த்து, எண்ணைத் தளத்தில் பதிய வேண்டும். தெரியாமல் குழந்தைகள் எடுத்து வைத்துக்கொள்வதால் எத்தனையோ பாதி வழியில் நின்றுபோகின்றன. நான் அனுப்பியவற்றில் மூன்று அப்படித்தான் போயின. கோபம் இல்லை, ஏக்கம்தான். வேலை விஷயமாக மாதம் இரண்டு முறை விமானம் ஏறுகிறேன். போகும் ஊருக்கு நாலைந்து தகடுகளைச் சுமந்துபோய் விடுவது என் வழக்கம்.

ஆற்றுமணல் எழுதியது:

நடையன் சார், கொட்டிப் பார்த்தோம். இரண்டு இருக்கின்றன.

ஒன்றில் ஒரு சின்ன மரக் கலங்கரை விளக்கம் கோத்திருக்கிறது. எண்ணைப் போட்டுப் பார்த்தால், எத்தனை கலங்கரை விளக்கங்களைப் பார்க்க முடியுமோ அத்தனையும் பார்க்க வேண்டும் என்பது அதன் ஆசையாம். பதினான்கு மாதமாக எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. கடைசியாக அது இருந்த பெட்டியின் இணையப் பக்கத்தில், 'யாரிடமாவது இருக்கிறதா?' என்று சொந்தக்காரர் இரண்டு முறை கேட்டிருக்கிறார். நாங்கள் பார்க்கவே இல்லை. மகளிடம் விளக்கிச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 'அது கடலைப் பார்த்து எவ்வளவு நாள் ஆச்சு?' என்று கேட்டாள்.

சொந்தக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் நியூபோர்ட் போகிறோம். யாக்வினா ஹெட் கலங்கரை விளக்கம், 93 அடி, ஓரிகனிலேயே உயரமானது. அதன் முன்னால் வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அங்கே கடற்கரைப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய பெட்டியில் விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவளே கையில் வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம்.

சாரல் அக்கா, நேற்றிரவு மூன்று லாகுகளைத் திருத்தி எழுதினேன். முதலில் ஒரு வரிகூட வரவில்லை. மகளைக் கேட்டேன், அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

தென்காசிச்சாரல் எழுதியது:

நடையன் தம்பி, நீங்கள் சொன்னது சரி. ஆள் இருந்தால் வைக்கலாம். என் பயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன்.

ஆற்றுமணல் தம்பி, அந்தப் பெரியவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. மனைவி போய் மூன்று வருடம். முழங்கால் வலி, சரிவில் இறங்க முடியாது. அவருடைய நாற்பதில் பெரும்பாலானவற்றை அவரே மூடிவிட்டார். மீதியில் ஆறு பெட்டிகளை நான் போய்ப் பார்த்து வருகிறேன், ஆனால் பெயர் இன்னும் அவருடையதுதான். லாக் எல்லாம் அவருக்கே போகிறது, அப்படியே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். ஏழாவதாக ஒன்று இருக்கிறது, உங்கள் பக்கம், ஹில்ஸ்பரோவிலிருந்து இருபது நிமிடம். எனக்குத் தூரம். பிப்ரவரியிலிருந்து யாரும் போகவில்லை, கடைசி லாகில் 'தாள் ஈரம்' என்று இருக்கிறது. அவரிடம் நேற்று போனில் பேசினேன். ஏழு வயதுக் குழந்தை வரும் என்றேன். மேல்பக்கம் இருக்கும் மரத் துண்டை இடது பக்கமாகத் திருகச் சொல் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நான் வந்து ஒருமுறை காட்டிவிடுகிறேன். தனிச்செய்தியில் இடம் அனுப்புகிறேன். மகளுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டு அழைத்து வாருங்கள், நடுவில் ஓடையைக் கடக்க வேண்டும். பாதையின் வலதுபுறம் பாய்சன் ஓக் என்ற, தொட்டால் அரிக்கும் செடி இருக்கிறது, மூன்று மூன்று இலையாக. அதைத் தொடாமல் இருக்க முழுக்கைச் சட்டை போடுங்கள். தாள் நான் கொண்டு வருகிறேன், பென்சில் நீங்கள்.